அவசரப் புகார்

நியாயம் அறிந்தோரே, இந்த அநீதிக்குச் சாட்சியாக வாருங்கள்! ஒரு வீட்டில் ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, மூன்று வாரமாகப் படுக்கையறைச் சுவர் ஊறிக்கொண்டிருந்தது.

“ஸ்விட்ச் போர்டு வரைக்கும் ஈரம் வந்துடுச்சுங்க. குழந்தை கை வச்சா என்னாகும்?”

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம், நச்சரிக்காதே!” என்று கணவன் வேலைக்குக் கிளம்பினான்.

“மூணு ஞாயித்துக்கிழமை போயாச்சு!”

பொறுமை இழந்த மனைவி, ஏசி பழுதுபார்க்கும் நிறுவனத்தை அழைத்து, அடுத்த வீட்டு முகவரியைக் கொடுத்து, அவசரம் என்று புகார் பதிந்தாள்.

அரை மணிக்குள் மெக்கானிக் ஓடிவந்து அடுத்த வீட்டு மணியை அடித்தான். “வணக்கம் மேடம், உடனே சரி பண்ணிடறேன்!”

கதவைத் திறந்தவள், அங்கே வந்து காத்திருந்த அவனுடைய மனைவி!

“இந்த ‘உடனே’வை நம்ம வீட்லயும் ஒருநாள் சொல்லலாமே! வாங்க, அங்க ஏணி போட்டாச்சு.”

ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடும் கணவன்மார்களே, இன்றைய முதல் வேலையை உங்கள் வீட்டில் தொடங்குங்கள்!