ஐம்பத்தோராவது ஆள்

கல்யாண மண்டபக் கதவு ஐம்பது பேரை எண்ணியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். நோய்க்காலச் சட்டம். அந்தக் கதவுக்கு நான் காவல்.

பெண்ணின் அப்பா, சுகாதார அதிகாரி தணிகாசலம், தாமதமாக வந்த அமைச்சரை வரவேற்க மாலையோடு வெளியே ஓடி வந்தார். அமைச்சர் முதலில் உள்ளே போனார். ஐம்பது ஆகிவிட்டது, கதவு பூட்டிக்கொண்டது.

“திறம்மா, முகூர்த்தம் போயிடும்! உங்கிட்ட சாவி இருக்குல்ல?”

இருந்தது.

போன வருடம் நான் பஸ் பிடித்து வருவதற்குள் அம்மாவின் சாவுக்குச் சட்டம் அனுமதித்த இருபது பேரும் சேர்ந்துவிட்டார்கள். என்னைத் தெருவிலேயே நிறுத்தியவர் இவர்தான். உள்ளே சங்கு ஊதியபோது இவர் காலைப் பிடித்துக் கெஞ்சினேன்.

இப்போது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது. அன்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன்.

“சத்தம் இங்கயே கேக்குதே, போதாதா?”