ராயபுரத்து டிராகன்

டிராகன் சிரிப்பதற்கான பிராணி அல்ல என்று ஜெரி ராயபுரம் முழுமைக்கும் பொதுவாக அறிவித்திருந்தான்.

ராயபுரத்தில் இருந்ததே ஒரு டிராகன்தான். கப்பலில் வேலை பார்த்த கஸ்பார் மாமா வாங்கி வந்த வெளிநாட்டு விளையாட்டின் அட்டைப் பெட்டிக்குள், ஒரு குகைப் படத்துடனும் இருபது பக்கப் பகடையுடனும் அது குடியிருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெரி வீட்டு மொட்டைமாடியில் ஆட்டம். மற்றவர்கள் குகைக்குள் போகும் வீரர்கள். டிராகனுக்காகப் பகடை உருட்டுவதும், வாய் பேசுவதும் ஜெரி.

சட்டம் ஒன்றே ஒன்று. தண்ணீர்த் தொட்டியில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான்: சிரித்தால் ஒரு சான்ஸ் போச்சு.

ஏழு பேராகத் தொடங்கிய வீரர்படை, மூன்று வருடத்தில் எல்சி, அறிவு என்று இரண்டு பேராகி நின்றது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மூவரும் நேரே காலைக் காட்சிக்குப் போனார்கள். அதே விளையாட்டை வைத்து எடுத்த வெளிநாட்டுப் படம், தமிழ் பேசி வந்திருந்தது. திரையில் டிராகன் வாயைத் திறந்தால் சுத்தமான மெட்ராஸ் பாஷை.

தியேட்டரில் விசில் பறந்தது. எல்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஜெரி மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ஆயிரம் வருசத்து டிராகன், காசிமேட்டு மீன் ஏலத்துல நிக்கிற மாதிரி பேசுது. கலீஜ்," என்றான், வெளியே வந்து.

"அதான்டா டிராகன். உன்னுது ஹெட்மாஸ்டரு," என்றாள் எல்சி. "இன்னிக்கு ஒரு ஆட்டம். அதுல நா செத்தேன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து கேரம் ஆடப் போய்க்கினே இருப்பேன்."

அறிவு அவள் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டான்.

சாயங்காலம் மாடியில், எல்சியின் வீராங்கனை டிராகனின் வாய்க்கு நேராக வந்து நின்றாள். கையில் கத்திகூட இல்லை. ஜெரி ஒரு உருட்டு உருட்டினால் ஆள் சாம்பல். அடுத்த ஞாயிறு மாடியில் டிராகனும் ஜெரியும் மட்டும்தான்.

உருட்டுமுன் டிராகன் பேச வேண்டும்.

ஜெரி தொண்டையைச் செருமினான். 'அற்ப மானிடப் பதரே' பல்வரை வந்துவிட்டது. எல்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னாமே," என்றது டிராகன். "இப்பதான் பெருக்கி வுட்ட குகை. செருப்போட உள்ள வந்துகினு கீற?"

அறிவு சிரித்துப் பாயில் புரண்டான். எல்சி துப்பட்டாவை வாயில் திணித்து எப்படியோ அடக்கிக்கொண்டாள். அவளுக்குச் சட்டம் தெரியும்.

அவள் முகத்தைப் பார்த்த ஜெரியால்தான் முடியவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, உருட்டாத பகடையை எல்சி பக்கம் தள்ளி வைத்தான்.