பதிப்பாளரின் கேள்விகள்

"ஹெஸ்டர், உன் நாவலைப் பத்திப் பேச லண்டன்லேருந்து இன்னொரு பதிப்பாளர் வந்திருக்கார்," என்றார் கணவர் ஆம்ப்ரோஸ்.

நேற்றுதான் ஒருவர் வந்து போயிருந்தார். ஹெஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"கதையில புருஷன் பூட்டி வைக்கிற அந்தப் பொண்ணு உங்ககூடப் பேசுவாளா?" என்று கேட்டார் வந்தவர்.

"பேசாம இருப்பாளா? ராத்திரியெல்லாம் தூங்கவிட மாட்டா!"

"அந்தப் புருஷனை நினைச்சா?"

"கழுத்தை நெரிச்சுடலாம்னு தோணும்!" ஹெஸ்டர் சிரித்தாள்.

வந்தவர் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினார். "நேத்து வந்த டாக்டர் சொன்னது சரிதான். நானும் கையெழுத்துப் போடறேன். சட்டத்துக்கு ரெண்டு டாக்டர் போதும். இன்னிக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல! இவர் என்னைப் பூட்டி வைக்கப் பார்க்கறார்!" என்று அலறினாள் ஹெஸ்டர்.

ஆம்ப்ரோஸ் பெருமூச்சு விட்டார். "பாருங்க டாக்டர், தன்னையே அந்தக் கதைப் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."