பொய்ச்சினை

ஆண் வாடையே படாத வெள்ளை முயல் குட்டி போடப்போவதுபோல் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டது. "இது பொய்ச்சினைதான் வாணி. டாக்டரே சொல்லிட்டார். ரெண்டு நாள்ல மறந்துரும்" என்றான் மகுடேசன். போன மாதம் பிறந்த குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து மனைவியைத் தேற்றியதும் அதே குரலில்தான்.

முயல் மறந்துவிட்டது. பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீடெங்கும் துள்ளித் திரிந்தது. வாணி பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். மெத்தை மட்டும் உயர்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலை அவன் குனிந்து பார்த்தான். வெள்ளை ரோமத்துக்குள் நீள நீளமாகக் கறுப்பு முடி. அவள் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். ரவிக்கை மார்பில் மட்டும் நனைந்திருந்தது.

"தொடாதீங்க, மனுச வாடை ஆகாது. யாரும் பாக்காதப்பதான் பால் குடிக்கும். கொஞ்சம் வெளிய இருங்க."

அவன் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். முயல் அவன் காலடியில் உட்கார்ந்து கீரைத்தண்டைக் கொறித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கொறிப்பதை நிறுத்திக் காதுகளைத் தூக்கியது. கதவுக்குப் பின்னால் எதுவோ சப்பிக் குடிக்கும் சத்தம் அவனுக்கும் கேட்டது.