இரண்டு கோப்பை மூச்சு

"கூரை ஒழுகேல்லைத் தம்பி. படுக்கிற ஆளின்ரை மூச்சுத்தான் இரவிலை தண்ணியாகிச் சொட்டுது," என்றார், வள்ளம் திருத்துகிற இராசையா. "யன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டுப் படுங்கோ. காத்து ஓடினால் ஈரம் நிற்காது."

"யன்னல் திறக்க ஏலாது அண்ணை. நுளம்பு," என்றான் றொமேஷ். கரையில் கட்டிய வள்ளத்துக்குக் காவலாக, அதிலுள்ள சின்ன அறையில் படுப்பவன் அவன்தான்.

"நுளம்பு வலை அடியுங்கோ."

"அதுவும் சரிவராது."

சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி சுதர்ஷிகா இடையில் கேட்டாள். "ஒரு ஆளின்ரை மூச்சு எவ்வளவு தண்ணியாகும், அண்ணை?"

"இரவுக்கு ஒரு கோப்பை வரும், தங்கச்சி."

அன்று காலை சுவரைத் துடைத்துப் பிழிந்திருந்த வாளியை அவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கோப்பைக்குக் குறையாது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் தனியத்தானே படுக்கிறனீங்கள்?"

"ஓம்."

"அப்ப மற்றக் கோப்பை ஆரின்ரை மூச்சு?"

றொமேஷ் வாளியைத் தூக்கிக் கடலில் ஊற்றினான். இராசையா கிண்ணியாவில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் விடியவே சுதர்ஷிகா சொல்லாமல் வந்து அறைக்கதவைத் தள்ளினாள். புருசனுக்குப் பக்கத்தில் போர்வைக்குள் இன்னொரு உருவம். பிடித்து இழுத்தாள்.

மடுமாதா கோயிலுக்கு நேர்த்திக்கடனுக்கென்று பத்து நாளைக்கு முன் பஸ் ஏறிய அவளுடைய அப்பா எழும்பி உட்கார்ந்தார்.

"நிம்மதி கேட்கத்தான் பிள்ளை வெளிக்கிட்டனான். அது இஞ்சையே கிடைச்சிட்டுது. யன்னலை மட்டும் திறந்துபோடாதை. கொம்மா இந்தக் கரையிலைதான் மீன் வாங்க வாறவ, என்ரை குறட்டை அவவுக்கு நல்லாத் தெரியும்."