புது வயர்

குளிரில் கார் எஞ்சின் உறையாமலிருக்க, பின்லாந்தின் ரொவானியெமியில் எல்லோரும் வாசல் மின்கம்பத்திலிருந்து காரின் மூக்குக்குச் சூடேற்றும் வயர் மாட்டுவார்கள். ஹெல்வியின் கணவர் ஆர்வோவின் வயர் தோலுரிந்து கிடந்தது. "நாளைக்கு மாத்திடறேன்டி" என்றே சொல்லிவந்தவர், ஒருநாள் அதைத் தொட்டுச் செத்துப்போனார்.

அதுவரை அறிவிப்புப் பலகையின் நிறத்தை விவாதித்துவந்த குடியிருப்புச் சங்கத் தலைவர் ரெய்மோவுக்கு அதன்பிறகு பாதுகாப்பு வெறி பிடித்தது. மறுமாதம் ஹெல்வியின் கதவைத் தட்டினார்.

"என்னம்மா, காரில்லாத இடத்துல வயர் மாட்டியிருக்கு, கரண்ட் ஓடுது. தொட்டவன் சாகணுமா?"

"காரை வித்தாச்சு, வயரைக் குப்பையில போட்டாச்சு, தலைவரே."

"அப்ப எம் மாமியாரா வந்து மாட்டினா?"

இறங்கிப்போய்ப் பார்த்தார்கள். புதுப்பனியில் காலடித் தடமே இல்லை. கம்பத்தில் புத்தம்புது வயர். அதன் மறுமுனை தரையில் விழாமல், காரின் மூக்கு இருக்கவேண்டிய உயரத்தில் அந்தரத்தில் நின்றது.

தலைவர் இரண்டடி பின்வாங்கினார். ஹெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போன மாசமே மாத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா, மனுஷா?"