வெயிலுக்கு ஒரு படி முன்னால்

அவள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெயிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரத்தில், முதல் படியில் உட்கார்ந்து, அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

வெயில் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

அவள் நின்று நின்று வந்தாள். நாலைந்து படிக்கு ஒருமுறை ஸ்டாண்டை ஊன்றுவாள். கேமராவைத் தட்டிவிடுவாள். அது ஒரு சுற்றுச் சுற்றத் தொடங்குவதற்குள் பாறைக்கோ கைப்பிடிச் சுவருக்கோ பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். படத்தில் ஆள் விழக் கூடாது. சுற்றி முடித்ததும் வெளியே வந்து, ஸ்டாண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு இறங்குவாள்.

கட்டிக்கொண்ட பெண்டாட்டிதான். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

படியேற முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே, செல்போனில் விரலால் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு படியாக மலையேறிச் சாமி பார்க்க வேண்டும். கோயில் நிர்வாகம் கேட்டது இதைத்தான்.

அந்தக் கேமரா படம் மட்டும் பிடிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியை விட்டு, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். வெயில் பட்டால் அதற்குக் கண் கூசிவிடும். அளவு போய்விடும்.

முன்பு வந்த இரண்டு கம்பெனிக்காரர்களும் பக்தர்கள் ஏறுகிற மாதிரியே கீழேயிருந்து ஏறினார்கள். பாதி மலையில் வெயில் எதிரே வந்து நின்றது. மேல்படிகள் எல்லாம் எலி கடித்த வேட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக வந்தன. வெட்டவெளியில் இது ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்து இவள், மைனாவதி, வேலையை எடுத்தாள். ஒரு வாரம் விடியலில் வந்து அடிவாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டு மலையை வேடிக்கை பார்க்கிறாளே என்று அவன்கூடக் கேலி பேசினான்.

படிகள் மேற்கே பார்த்தவை. காலையில் மலையே அவற்றுக்குக் குடை பிடிக்கும். அந்தக் குடை உச்சியிலிருந்துதான் விலகும்.

ஆகவே அவள் இருட்டோடு ஏறினாள். கிழக்கு வெளுத்ததும் உச்சியில் ஆரம்பித்து, நிழலோடு சேர்ந்து இறங்கினாள்.

ஊரே ஏறுவதைப் பற்றி யோசித்தபோது இறங்குவதைப் பற்றி யோசித்த தலை அது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

பயமும் தாங்கவில்லை.

இன்று ஒரு காலைதான் படிகளைக் காலியாகக் கொடுத்திருந்தார்கள். நாளை திருவிழாப் பந்தல் வேலை தொடங்கிவிடும். அடிவாரத்து நுழைவு வளைவுக்கு வெளியே வாட்ச்மேன் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தியிருந்தார். ரொம்ப நேரம் நிற்க முடியாதவன் என்று இவனை மட்டும் உள்ளே உட்காரவிட்டார்.

அவன் இந்த ஊரிலேயே பிறந்தவன். உச்சியைப் பார்த்ததில்லை. இளம்பிள்ளை வாதம் வலது காலை வாங்கிக்கொண்டது. மாமன்மார் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். இவன் வீம்புக்காரன். சாமியைப் பார்க்க இன்னொருத்தன் முதுகு எதற்கு என்று சொல்லிவிட்டான்.

இந்தப் படம் முழுசாக வந்தால் செல்போனில் தானாகவே ஏறிவிடுவான். ஒரு படி ஓட்டையானாலும் அங்கேயே நின்றுவிடுவான்.

பாதி மலையில் ஒரு குரங்கு வந்து கேமராவுக்கு நேரே உட்கார்ந்தது. சாவகாசமாகத் தொடையைச் சொறிந்தது.

வெயில் இரண்டு படி இறங்கியது.

அவள் விரட்டவில்லை. ஒன்றை விரட்டினால் அது பத்தைக் கூட்டிவரும். பாறை மறைவில் அசையாமல் இருந்தாள். பதறாத காரியம் சிதறாது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அப்படி ஒருத்தி இருந்து காட்டியதை அவன் இன்றைக்குத்தான் பார்த்தான்.

இன்னொரு படி.

வாட்ச்மேன் அவனைப் பார்த்தார். அவன் வாட்ச்மேனைப் பார்க்கவில்லை.

குரங்குக்கே சலித்துப் போய் எழுந்து போயிற்று.

அதன் பிறகும் அவள் ஓடவில்லை. ஊன்றினாள், தட்டினாள், மறைந்தாள், தூக்கினாள். வெயில் அவள் குதிகாலைத் தொடப் பார்த்தது. தொடவில்லை.

இப்போது முகம் தெரிந்தது. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவள் அவனைக் கடந்து, முதல் படிக்கு முன்னாலிருந்த கல்தளத்தில் ஸ்டாண்டை ஊன்றினாள். கடைசி இடம் அதுதான். பார்க்கிறவர்களுக்கு அதுதான் முதல் இடம்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கேமராவுக்கு நேரே அவன் உட்கார்ந்திருந்தான்.

எழ வேண்டும். காலைத் திருப்பி, சுவரைப் பிடித்து, வளைவுத் தூண் மறைவுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் வெயில் வந்துவிடும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இருந்தாலும் ஊன்றுகோலை ஊன்றினான். கல்லில் அது வழுக்கியது.

"இரு மைனா, நவுந்துக்கறேன். படத்துல விழுந்துருவேன்."

அவள் மேலே வெயிலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"விழுந்துட்டுப் போங்க."

நடக்கப் பழகிய நாளிலிருந்து எல்லாரும் அவனிடம் விழுந்துடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, வாத்தியார், முன்பின் தெரியாத பஸ் கண்டக்டர் வரைக்கும்.

அவன் கோலைப் படியில் கிடத்தினான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

அவள் கேமராவைத் தட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போனாள். அது மெல்லச் சுற்றி அவன் பக்கம் திரும்பியது.

இனி வீட்டிலிருந்து மலையேறுகிற யாரும் அவனிடமிருந்துதான் புறப்பட வேண்டும்.

அவனும்தான்.